பட்டாளம் தங்கிய முப்பத்தெட்டு ஆண்டு

1969-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் மாலை, வட அயர்லாந்திலுள்ள டெர்ரி நகரின் வீதியிலே பிரிட்டிஷ் பட்டாளத்தார் வந்து இறங்கினர். மூன்று நாளாகப் போலீசாரோடு போராடிக் கண்ணீர்ப் புகையில் கிடந்து களைத்திருந்த அவ்வூர்க் கத்தோலிக்க மக்கள் அவர்களைக் கண்டு பெருமூச்சு விட்டனர். பெண்மணிகள் தம் அடுப்பில் காய்ச்சிய தேநீரையும் ரொட்டித் துண்டுகளையும் தட்டிலே ஏந்திவந்து, முள்வேலிக்கு அருகில் துப்பாக்கியோடு நின்ற இளைஞர்களுக்குக் கொடுத்து உபசரித்தனர். மறுநாள் பெல்பாஸ்டு நகரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சில வாரங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்று சிப்பாய்கள் எண்ணினர். அனுப்பியவர்களும் ஏறக்குறைய அப்படியே எண்ணினர். 'பானர்' என்று பெயரிடப்பெற்ற அந்நடவடிக்கை முடிவுற்றதோ 2007-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் நள்ளிரவில். பிரிட்டிஷ் பட்டாளத்தின் வரலாற்றிலே இடைவிடாது இத்துணை நீண்ட காலம் நடந்த நடவடிக்கை வேறொன்றில்லை. ஏறத்தாழ 3,00,000 பேர் முறைவைத்து அங்கே சென்று பணிசெய்தனர். தந்தை காவல் நின்ற தெருமூலையில் மகனும் காவல் நின்றதுண்டு.

இப்பட்டாளம் ஏன் போயிற்று என்பதைச் சுருங்கக் கூறி அப்பாற் செல்வோம். 1921-இல் அயர்லாந்து இரண்டாக வகிரப்பட்டபோது, வடகிழக்கிலுள்ள ஆறு கோட்டங்கள் பிரிட்டனோடு நிறுத்திக்கொள்ளப்பட்டன. அங்கே புரொட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையோர். கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்கினர். ஐம்பதாண்டுக் காலம் ஒரே கட்சிதான் ஆண்டது. உள்ளூராட்சித் தேர்தலில் வரி செலுத்தும் வீட்டுக்காரருக்கே வாக்கு. வாக்கு வேண்டுமாயின் வீடு வேண்டும். வீட்டைப் பங்கிடுவதோ அக்கட்சியார் கையிலிருந்த நகரசபை. டெர்ரியில் கத்தோலிக்கரே தொகையில் மிக்கவர். ஆயினும் தொகுதி எல்லைகளைக் கோணல்மாணலாக வரைந்து, நகரசபையை மற்றவரே வைத்திருந்தனர். ஒரே கிறிஸ்துவை வணங்கும் இரு கூட்டத்தார் மதத்தின் பேரால் அடித்துக்கொள்கின்றனர் என்று உலகத்துப் பத்திரிகைகள் எழுதின. மதத்தைக் கிளறிப் பார்த்தால் அடியிலே வீடும் வேலையும் வாக்கும் கிடந்தன. 1968 அக்டோபர் 5-இல் குடியுரிமை கேட்டு டெர்ரியில் ஊர்வலம் வந்தோரைப் போலீசார் தடிகொண்டு அடித்தனர். அடுத்த ஆகஸ்டில் பெல்பாஸ்டில் பம்பாய்த் தெரு என்னும் கத்தோலிக்கத் தெருவின் பெரும்பகுதி எரிக்கப்பட்டது.

பம்பாய்த் தெரு என்னும் பெயர் கண்டு நேயர்கள் மயங்க வேண்டா. அதற்கு அருகில் காஷ்மீர் ரோடும் உண்டு. இந்தியாவைப் பிடித்து ஆண்ட பேரரசு, தன் ஆலைத் தொழிலாளரைக் குடிவைத்த சந்துகளுக்கும் தான் வென்ற நாட்டின் ஊர்ப்பெயர்களையே சூட்டியிருந்தது! அந்த எரிந்த தெருவின் ஓரமாகவே பட்டாளத்தார் இரு சாராரையும் பிரித்து வைப்பதற்கு ஒரு முள்வேலி போட்டனர். அக்காலத்துத் தளபதி பிரீலண்டு என்பவர், இது மிகமிகத் தற்காலிகமானது, பெர்லின் நகரத்து மதில்போல் ஒன்று இங்கே எழாது என்று கூறினார்.

தேநீர் கொடுத்த கை எவ்வாறு கல்லெடுத்தது என்பதுதான் இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம். அதற்கு ஓராண்டுகூட ஆகவில்லை. 1970 ஜூலை 3-ஆம் நாள் பெல்பாஸ்டின் கீழ்ப் பால்ஸ் பகுதியிலே ஆயுதம் தேடுகிறோமென்று பட்டாளம் புகுந்தது. கைத்துப்பாக்கிகள் சில அகப்பட்டன. தேடியவர் திரும்புகையில் கூட்டம் சூழ்ந்தது, கல் பறந்தது, புகைக் குண்டு பறந்தது. அன்றிரவே ஏறத்தாழ 3,000 வீடுகள் அடங்கிய அப்பகுதி முழுவதற்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. கதவுகள் உடைக்கப்பட்டன, தரைப்பலகைகள் பெயர்க்கப்பட்டன, சுவரிலிருந்த சாமிப் படங்கள் நொறுங்கின. பொதுமக்களில் நால்வர் மாண்டனர். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருக்களிலிருந்து பெண்கள் திரண்டு, குழந்தை வண்டிகளிலே ரொட்டியும் பாலும் நிறைத்துத் தள்ளிக்கொண்டு, துப்பாக்கிகளை விலக்கி நேரே உள்ளே நடந்தனர். ஊரடங்கு அத்தோடு உடைந்தது. சென்ற ஆகஸ்டில் அதே வகுப்புப் பெண்கள் சிப்பாய்க்கு ரொட்டி கொண்டுவந்தனர்; இப்பொழுது சிப்பாயை மீறித் தம் அண்டை வீட்டாருக்கு ரொட்டி கொண்டுபோயினர். 2006-இல் பட்டாளத் தலைமை தானே எழுதிய ஆய்வுரையிலும், இவ்வூரடங்கு கத்தோலிக்க மக்களைத் தம்மினின்று விலக்கிவிட்டதை ஒப்புக்கொண்டுள்ளது. முப்பத்தாறு ஆண்டு கழித்து!

இனி அச்சிப்பாய் யார் என்பதையும் பார்ப்போம். கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில் முதலிய நகரங்களில், கப்பல் பட்டறையும் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டு வந்த காலத்தில், பள்ளியை விட்டுப் பிழைப்புத் தேடிய பிள்ளைகள் பலர் அதில் இருந்தனர். அவர்கள் வளர்ந்த வரிசை வீடுகளுக்கும் பெல்பாஸ்டின் வரிசை வீடுகளுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. ஏழைப் பிள்ளை ஏழைத் தெருவிலே துப்பாக்கியோடு நடந்தான். அத்தெருவின் ஏழைப் பிள்ளை அவன்மேல் கல்லெறிந்தான். பானர் நடவடிக்கையில் ஐ.ஆர்.ஏ.யின் துப்பாக்கிக்கு முதலில் இரையான சிப்பாய் இராபர்ட்டு கர்ட்டிஸ் என்னும் இருபது வயதினன். நாள் 1971 பிப்ரவரி 6. அவன் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மறு மாதம் 10-ஆம் நாள், விடுப்பிலே சாதாரண உடையோடு மதுக்கடையில் இருந்த ஸ்காத்லாந்துச் சிப்பாய்கள் மூவரை நயமாகப் பேசி அழைத்துச்சென்று, ஊர்ப்புறத்துச் சாலையோரத்தில் சுட்டுக்கொன்றனர். அவர்களுள் இருவர் உடன்பிறந்தோர். ஒருவனுக்கு வயது 17, மற்றவனுக்கு 18. அதற்குப் பின்னரே 18 வயது நிரம்பாதவரை அங்கே அனுப்பலாகாதென்று விதி செய்தனர். விதி வருவதற்கு முன் பிணம் வரவேண்டியிருந்தது.

நான்கு திங்கள் முறைவைத்துச் சென்றோர் பழைய ஆலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நெருங்கிப் படுத்தனர். நால்வர் நால்வராகத் தெருவில் நடப்பர். கடைசியில் வருபவன் பின்னோக்கியே நடப்பான். எவன் கையில் என்ன இருக்கிறதென்று ஒவ்வொரு சன்னலையும் பார்க்கவேண்டும். சுடுவதற்கான விதிகள் அச்சிட்ட மஞ்சள் அட்டை ஒன்று ஒவ்வொருவன் பையிலும் இருக்கும். ஆனால் நொடிப்பொழுதில் அட்டையை யார் படிப்பார்? அவர்கள் காவல் நின்ற மூட்டைச்சுவர்க் கூண்டுக்குச் 'சங்கர்' என்று பெயர். நம்மவர் ஒருவரின் பெயர்போல் ஒலிக்கும் இச்சொல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பிரிட்டிஷார் போரிட்டபோது பொறுக்கிய சொல்லாகும். தெற்கு ஆர்மா கோட்டத்திலோ சாலையெங்கும் கண்ணிவெடி அஞ்சி, உணவும் ஆளும் ஹெலிகாப்டரிலேயே போய்வந்தன.

சங்கர் என்ற சொல் மட்டுமன்று, அடக்குமுறையின் பாடங்களும் குடியேற்ற நாடுகளிலிருந்தே அங்குப் போயின. இவ்விடத்தில் மலாயாவில் வாழும் நமக்கும் இக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1970 முதல் 1972 வரை பெல்பாஸ்டில் படைப்பிரிவுத் தலைவராயிருந்த பிராங்கு கிட்சன் என்பவர், கென்யாவில் மவு மவு கிளர்ச்சியின்போதும், 1957-இல் நம் மலாயாவின் அவசரகாலத்தின்போதும் பணிசெய்தவர். கலகத்தை அடக்கும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1971-இல் வெளிவந்தது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை விசாரணையின்றி மக்களை அடைத்து வைத்ததையும், இலட்சக்கணக்கானோரைப் புதுக்கிராம வேலிக்குள் நெருக்கியதையும் நம் முதியோர் கண்ணாரக் கண்டனர். 1948 டிசம்பர் 12-ஆம் நாள் சிலாங்கூரில் பத்தாங் காலியிலே ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக்கொன்றனர். அதற்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அக்குடும்பத்தார் விசாரணை வேண்டி லண்டனின் உச்ச நீதிமன்றம்வரை சென்றும் 2015-இல் அவர்கள் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஒரு நாட்டிலே கணக்குக் கேட்கப்படாத பட்டாளம் அடுத்த நாட்டிற்கு அதே கையோடு போகும்.

அவ்வாறே போயிற்று. 1971 ஆகஸ்டு 9-ஆம் நாள் விடியுமுன், விசாரணையற்ற சிறைவைப்பு வட அயர்லாந்திலும் தொடங்கியது. முதல் வீச்சிலேயே 340-க்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். அவர்களுள் ஏறக்குறைய அனைவரும் கத்தோலிக்கப் பகுதியினர். பழைய பட்டியலை வைத்துப் பிடித்ததால், முதியோரும் வேறு கருத்தினரும் அகப்பட, வேண்டியவர்கள் தப்பினர். பெண்கள் குப்பைத்தொட்டி மூடிகளை நடைபாதையில் அறைந்து பட்டாளம் வருவதைத் தெருவுக்கு அறிவித்தனர். பிடிபட்டோருள் 14 பேரை முகமூடியிட்டு, சுவரோரம் நிறுத்தி, உறக்கமும் உணவும் மறுத்து, இரைச்சல் கேட்கவைத்து வதைத்தனர். 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவ்வதையை மனிதத்தன்மையற்றது, இழிவுபடுத்துவது என்று தீர்ப்பளித்தது. சித்திரவதை என்ற சொல்லை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை.

சிறைவைப்பு தொடங்கிய அம்மூன்று நாளில் பெல்பாஸ்டின் பாலிமர்பி பகுதியில் பத்துப் பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர், காயம்பட்டோனுக்கு இறுதிச் சடங்கு செய்ய வெள்ளைத் துணியை அசைத்துக்கொண்டு சென்ற பாதிரியார். மற்றொருவர் எட்டுக் குழந்தைகளின் தாய். துப்பாக்கி ஏந்தியவர் என்று அவர்கள்மேல் பழி சுமத்தப்பட்டது. இறந்தவர்மீது விழும் பழி உயிரோடிருப்பவர் வீட்டு வாசலிலே கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'கொலைகாரியின் மக்கள்' என்னும் பேச்சைக் கேட்டு வளரவேண்டும். 2021 மே 11-ஆம் நாளே அப்பத்துப் பேரும் முற்றும் குற்றமற்றவர் என்று விசாரணை நீதிபதி அறிவித்தார். ஐம்பதாண்டு! காத்திருந்தவருள் பலர் அதைக் கேட்க உயிரோடில்லை.

பாலிமர்பியில் சுட்ட அதே பாராசூட்டுப் படைப்பிரிவு, 1972 ஜனவரி 30-இல் டெர்ரியில் ஊர்வலம் வந்தோர்மேல் சுட்டது. அன்றே 13 பேர் மாண்டனர். பதினான்காமவர் பின்னர் இறந்தார். சில வாரத்தில் விசாரித்து முடித்த முதல் நீதிபதி, சுட்டவர் பக்கமே பெரிதும் சாய்ந்தார். 1998-இல் அமைக்கப்பட்ட இரண்டாம் விசாரணை 2010 ஜூன் 15-இல் அறிக்கை தந்தது. பிரதமர் காமரோன் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். பட்டாளம் அங்கே தங்கியது முப்பத்தெட்டு ஆண்டு; ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையின் உண்மை வெளிவருவதற்கும் முப்பத்தெட்டு ஆண்டு. இரண்டாம் விசாரணைக்குச் செலவு 19 கோடி பவுனுக்கு மேல். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு கிளார்க்கின் சம்பளத்தோடு முடிந்திருக்கும்.

அந்த ஞாயிறு கழிந்த மறுவாரங்களில் ஐ.ஆர்.ஏ.யில் சேர இளைஞர் வரிசை நின்றனர். அவர்கள் செய்தவற்றையும் நாம் மறைக்கமாட்டோம். ஒரு பக்கத்துப் பிணத்தை மட்டும் எண்ணுவது வரலாறாகாது. அதே 1972 ஜூலை 21-இல் பெல்பாஸ்டில் ஒன்றரை மணி நேரத்திற்குள் 20-க்குக் குறையாத குண்டுகள் வெடித்தன. ஒன்பது பேர் சிதறினர். அவ்வாண்டு டிசம்பரில், பத்துக் குழந்தைகளின் விதவைத் தாயான ஜீன் மக்கன்வில் என்பவரை அவர் வீட்டிலிருந்தே இழுத்துச்சென்று கொன்று புதைத்தனர்; உடல் 2003-இல்தான் கடற்கரையில் அகப்பட்டது. பிள்ளைகள் பிரிக்கப்பட்டு விடுதிகளுக்குப் போயினர். அம்மோதல் முழுவதிலும் மாண்ட 3,500-க்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 2,000 பேரைக் கொன்றவர் ஐ.ஆர்.ஏ. முதலிய படைகளே. பட்டாளத்தார் கொன்றவர் ஏறத்தாழ 300. அவருள் பாதிப்பேர் ஆயுதமற்ற பொதுமக்கள். மற்றக் கொலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் புரொட்டஸ்டண்டு ஆயுதக் கூட்டத்தார். அவர்களுக்குச் சர்க்கார் ஆட்களே உளவு சொல்லித் துணைநின்றதும் உண்டு. 1989-இல் வழக்கறிஞர் பாட் பினுகேன் கொல்லப்பட்டதில் அத்தகைய உடந்தை இருந்ததை 2012-இல் பிரதமரே ஒப்புக்கொண்டார்.

பட்டாளத்திற்கு ஒரே நாளில் நேர்ந்த பேரிழப்பு 1979 ஆகஸ்டு 27-இல். வாரன்பாயிண்டு என்னுமிடத்தில் சாலையோரக் குண்டு வெடித்தது. உதவிக்கு வந்தோர் எங்கே ஒதுங்குவர் என்பதை முன்னரே கணித்து அங்கேயும் குண்டு வைத்திருந்தனர். 18 சிப்பாய்கள் மாண்டனர். அதே நாளில் படகிலே சென்ற மவுண்ட்பேட்டன் பிரபுவையும் குண்டுவைத்துக் கொன்றனர். 1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூர் நகரமண்டபத்தில் ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றவர் அவரே. அப்படகில் அவரோடு இறந்தோருள் 14 வயதுப் பேரனும், படகோட்ட உதவிய 15 வயதுச் சிறுவனும் இருந்தனர்.

வெளியிலிருந்து வந்த சிப்பாய்க்கு நாலு திங்களில் கப்பல் உண்டு. உள்ளூரிலேயே சேர்க்கப்பட்ட அல்ஸ்டர் காவற்படையாருக்கு அதுவும் இல்லை. 1970-இல் தொடங்கிய அப்படையில் முதலில் கத்தோலிக்கர் ஆறில் ஒரு பங்கினர்க்குக் குறையாது இருந்தனர். பின்னர் அவர்கள் தொகை நூற்றுக்கு மூன்றாகத் தேய்ந்தது. பகலில் உழவரும் தபால்காரரும் பேருந்து ஓட்டுநருமாய் இருந்து இரவில் காவல் புரிந்தனர். பணியிலிருந்த காலத்தில் கொல்லப்பட்ட 197 பேரில் பெரும்பாலோர் சீருடையின்றி, வயலிலோ கடையிலோ, மனைவி மக்கள் கண்முன்னரோ கொல்லப்பட்டவர். காலையில் வண்டியை எடுக்குமுன் மண்டியிட்டு அதன் அடியில் குண்டு உளதா என்று பார்ப்பது அக்குடும்பங்களின் அன்றாட வழக்கம். குழந்தைகள் தந்தையின் தொழிலை வெளியில் சொல்லலாகாது. துவைத்த சீருடையைக் கொடியில் உலர்த்தலாகாது. எந்த அண்டை வீட்டான் நேரத்தைக் குறித்துக்கொடுத்தானோ என்னும் ஐயம் சாகும்வரை போகாது.

இறந்தோர் கணக்கில் ஒரு செய்தி நம்மை மிகவும் உறுத்துகிறது. அம்முப்பத்தெட்டு ஆண்டில் பணியிலிருந்து மாண்ட பிரிட்டிஷ் படையினர் 1,441 பேர் என்பது பாதுகாப்பு அமைச்சின் தொகை. அவர்களுள் எதிரியால் கொல்லப்பட்டோர் 722. எஞ்சிய 719 பேர் வாகன விபத்து, தவறி வெடித்த துப்பாக்கி, நோய், தற்கொலை முதலிய வேறு காரணங்களால் இறந்தோர். எதிரி கொன்றதற்கு ஈடாகப் பணியே கொன்றிருக்கிறது! வீடு திரும்பியபின் குடியில் மூழ்கியவனும், இரவில் அலறி எழுந்தவனும் இக்கணக்கில் சேரார். அவர்கள் நோய்க்கு மருத்துவர் நூலிலே பெயர் ஏறியதே 1980-இல். அதுபோலவே மறுபக்கத்திலும், 1973 ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 75,000 முறை வீடுகள் சோதிக்கப்பட்டன. நள்ளிரவில் கதவுடையக் கேட்டு நடுங்கிய குழந்தைகளை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை. உயிர்போக்காத ஆயுதமென்று சொல்லிக் கொடுத்த ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் 17 பேர் இறந்தனர்; அவருள் எண்மர் சிறார்.

1998 ஏப்ரல் 10-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னர், 1997 பிப்ரவரி 12-இல், பெஸ்புரூக் ஊரின் சோதனைச் சாவடியில் ஸ்டீபன் ரெஸ்டாரிக் என்னும் 23 வயதுச் சிப்பாய், வண்டியில் வந்த பெண்மணி ஒருவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துச் சிரித்தமுகத்தோடு திருப்பிக் கொடுக்கையில், தொலைவிலிருந்து சுடப்பட்டு வீழ்ந்தான். அம்மோதலில் கொல்லப்பட்ட கடைசிச் சிப்பாய் அவனே. அக்கத்தோலிக்கப் பெண்மணி நெற்றியில் காயத்தோடு அவனருகே இருந்தார். அவன் தாய் ரீட்டா ரெஸ்டாரிக் பழிக்குப் பழி கேளாமல், இரு சாராரின் தலைவர்களிடமும் சமாதானம் கேட்டு நின்றார்.

பழைய குற்றங்களின் விசாரணைகளை முடித்துக்கட்ட 2023-இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 2024 மே 1-ஆம் நாளோடு நடந்துகொண்டிருந்த மரண விசாரணைகளும் நின்றன. ஒன்றிலும் ஒத்துப்போகாத வட அயர்லாந்துக் கட்சிகள் எல்லாம் இதனை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. அவ்வாண்டே பதவிக்கு வந்த புதிய சர்க்கார் அச்சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தது. கொல்லப்பட்டவரின் மக்களும் எழுபது கடந்த பழைய சிப்பாய்களும் நீதிமன்ற வாசலில் காத்துநிற்கின்றனர்.

பிரீலண்டு தளபதியின் மிகமிகத் தற்காலிகமான வேலி பம்பாய்த் தெருவின் பின்னால் உயர்ந்த மதிலாகி இன்றும் நிற்கிறது. திரும்பக் கட்டிய வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு, மதிலுக்கு அப்பாலிருந்து விழும் கற்களைத் தடுக்கக் கூரைபோலக் கம்பிவலை அடித்திருக்கின்றனர். துணி உலர்த்துவதும் அவ்வலைக்கு அடியில்தான்.